யாரும் வாங்க வராத கற்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். பித்தப்பையை எடுத்ததும், அதற்குள் இருந்த கற்களைக் கழுவி ஒரு சின்னப் புட்டியில் போட்டு வீட்டாரிடம் கொடுப்போம். கொடுக்கிற வேலை என்னுடையது. பேர் மாலதி. தஞ்சாவூரில் பதினெட்டு வருஷமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எனக்கு வாய் ஜாஸ்தி என்பார்கள். திறக்க வேண்டிய அன்றைக்கு அந்த வாய் திறக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்தாள் வானதி. கல்யாணம் நிச்சயமான பெண். வழக்கமாக வயிற்றில் நான்கு சின்னத் துளை போடுவோம். அவள் தழும்பே தெரியக்கூடாது என்றாள். தொப்புள் வழியாக ஒரே துளை என்று டாக்டர் இளவழகன் ஒப்புக்கொண்டார். உள்ளே கருவிகள் ஒன்றோடொன்று இடித்தன. கேமரா திரையில் எது எந்தக் குழாய் என்றே புரியவில்லை. இன்னொரு துளை போடலாமே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பெரிய டாக்டருக்கு நாம் சொல்வதா என்று விழுங்கிவிட்டேன். வெட்டக்கூடாத குழாய் வெட்டுப்பட்டது. பதினோராம் நாள் போய்விட்டாள். உடம்பை வாங்கிப் போனார்கள். புட்டியை யாரும் கேட்கவில்லை.

தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. தியேட்டர் அலமாரியில்தான் இருக்கிறது. ஏழு கற்கள். யாரும் தொடாமலே அவை உருளும் சத்தம் வார்டு வரைக்கும் எனக்குக் கேட்கும். ஏசி அதிர்வு என்கிறார்கள் மற்ற நர்ஸுகள். மண்ணாங்கட்டி!

நேற்றுக் காலை கும்பகோணத்து ஜீவிதா. அவளும் ஒரே துளைதான் கேட்டாள், டாக்டரும் தலையாட்டினார். இந்த மனுஷனுக்கு எல்லாம் மறந்துவிட்டதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆபரேஷன் தொடங்கி அரை மணி நேரத்தில் அதே கதை. பித்தப்பை வீங்கி ஒட்டிக் கிடந்தது. கருவிகள் இடித்தன. அலமாரியில் கற்கள் உருண்டன.

"சார், இன்னும் மூணு துளை போட்ருங்க."

"சும்மா இருங்க சிஸ்டர். பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"வானதிக்கும்தான் குடுத்தீங்க."

அவர் கத்தரிக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. துளை போடும் குழாயை நீட்டினேன். அவர் கை அப்படியே நின்றது. கண் மட்டும் அலமாரிப் பக்கம் போனது.

"உங்களுக்கும் கேக்குதா?" என்றார்.

"கேக்குது சார்," என்றேன். அவர் குழாயை வாங்கிக்கொண்டார்.

நான்கு துளை. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நல்லபடியாக முடிந்தது.

சாயங்காலம் புதுப் புட்டியோடு வார்டுக்குப் போனேன். ஜீவிதா வயிற்றைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஒண்ணுதானே சொன்னீங்க? ஏமாத்திட்டீங்கல்ல? நீங்கள்லாம் மனுஷங்களா?"

"திட்டு கண்ணு. இன்னும் நல்லாத் திட்டு," என்று கட்டிலோரமாக உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவள் நிறுத்தாமல் திட்டினாள். அந்தச் சத்தத்தில் வேறெதுவும் என் காதில் விழவில்லை.