முதல் பாட்டுக்கு முன்னால்

கூடத்தில் கிடத்தியிருந்த அண்ணனின் சட்டைப் பைக்குள் அந்த கேம் டிஸ்க்கைச் செருகி, பட்டனையும் போட்டுவிட்டாள் அண்ணி.

"காப்பி எடுத்துட்டேல்ல?"

"காலைலயே எடுத்தாச்சு அண்ணி. இது அவனோடயே போகட்டும்," என்றாள் தங்கை.

பழைய கேம் டிஸ்க்குகளைப் படித்துக் காப்பாற்றி வைப்பதுதான் அவளுக்கு ஆபீஸ் வேலையே. அவள் சொன்னால் யார் மறுக்கப்போகிறார்கள்?

அண்ணன் ஒரு கேம் கம்பெனியில் ஒலிப்பதிவு செய்தவன். கம்பெனி ஒரே ஒரு கேமை வெளியிட்டுவிட்டு இழுத்து மூடிக்கொண்டது. மிஞ்சியது இந்த டிஸ்க்தான். அப்புறம் தொண்டையில் ஆபரேஷன், குரல் போச்சு. அவன் மகள் வாண்டு பிறந்ததே அதற்குப் பிறகு. அப்பாவின் குரலை அவள் கேட்டதே இல்லை. அது இருந்தது இந்த டிஸ்க்கில் மட்டும். போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டபோதெல்லாம் அண்ணன் வேண்டாமென்று பிடிவாதமாகத் தலையாட்டினான். "நான் போனப்புறம்" என்று ஒரு தடவை போனில் டைப் செய்து நீட்டினான். பாவி, பேசுகிற அப்பாவை மகளுக்கு அதிகம் பிடித்துவிடுமோ என்று பயந்திருக்கிறான்.

வாசலில் வேன் வந்து நின்றது. அண்ணனைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வெளியே போனார்கள். உள்ளறையில் வாண்டு தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, இப்போ கேக்கலாமா?"

கம்ப்யூட்டரில் காப்பியைத் திறந்தாள். திரையில் ஒரே வரி வந்தது: அசல் டிஸ்க்கைப் போடவும்.

அடக் கடவுளே! தலையில் அடித்துக்கொண்டாள். டிஸ்க்கில் கேமோடு பாட்டுகளும் உண்டு; முதல் பாட்டுக்கு முன்னால், கணக்கில் வராத ஓர் இடத்தில் குரலை ஒளித்து வைத்தவனே அண்ணன்தான். சாதாரணமாகக் காப்பி எடுத்தால் முதல் பாட்டிலிருந்துதான் வரும். அந்தக் குரல் இல்லாவிட்டால் கேம் திறக்காது. திருட்டுக் காப்பி போடுகிறவனுக்கு வைத்த பொறியில் கூடப்பிறந்தவளே போய் விழுந்திருக்கிறாள். ஆபீஸில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் உரித்து உப்புத் தடவியிருப்பாள். காலையில் அழுத கண்ணோடு ஏதோ ஒரு பட்டனைத் தட்டிவிட்டு, "பிழை இல்லை" என்று வந்ததை நம்பிவிட்டாள்.

ஓடினாள். வேன் கதவு பாதி சாத்தியிருந்தது.

"நிறுத்துங்க! கதவச் சாத்தாதீங்க!"

"என்னம்மா இது, கிளம்புற நேரத்துல?" என்று சித்தப்பா அதட்டினார்.

"டிஸ்க் வேணும் அண்ணி."

அண்ணி குறுக்கே வந்து நின்றாள். "அவருக்குக் குடுத்ததத் திருப்பிப் பிடுங்குவியா? நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

"அப்புறம் எவ்வளவு வேணாலும் திட்டுங்க அண்ணி. நான் எடுத்த காப்பில அவன் குரல் இல்ல. தப்புப் பண்ணிட்டேன்."

அண்ணி தானே வேனுக்குள் ஏறிப் பட்டனைக் கழற்றினாள். டிஸ்க்கை வெளியே நீட்டிய பிறகும் அவள் இன்னொரு கை அந்தப் பையின் மேலேயே இருந்தது.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பழைய சிடி பிளேயரைத் தேடி எடுத்தார்கள். முதல் பாட்டு தொடங்கியதும் தங்கை ரிவைண்டை அமுக்கிப் பிடித்தாள். எண்கள் பூஜ்யத்துக்கு வந்து, அதையும் தாண்டிப் பின்னால் போயின. விரலை எடுத்தாள். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். என்ன பேசியிருப்பான் என்று அவளுக்கும் தெரியாது. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இரைச்சலுக்கு நடுவே அண்ணன் குரல் வந்தது.

"யாருப்பா அங்க? அந்த ஃபேன நிறுத்துங்க. சத்தமெல்லாம் இதுல விழுது பாருங்க."

வாண்டு எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள்.