திரும்பும் வழி எழுதாத பெட்டி

சேவ் பொத்தானை அழுத்தியதும் திரை அப்படியே உறைந்துபோனது. தம்பி கொஞ்ச நேரம் காத்திருந்தான். மறுபடி அழுத்தினான். அந்தப் பக்கத்துப் பெட்டி மூச்சே விடவில்லை. அப்போதுதான் தான் செய்துவைத்த காரியம் அவனுக்கு உறைத்தது.

அது லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி. தலைமை அலுவலகம் இங்கே, கிளை பாலத்துக்கு அந்தப் பக்கம். இரண்டு இடத்திலும் சுவரில் ஓர் எக்ஸ்சேஞ்ச் பெட்டி உண்டு. கட்டடத்திலுள்ள ஃபோன்களெல்லாம் அதிலிருந்துதான் பிழைக்கின்றன. இங்கே எக்ஸ்டென்ஷன் எண்ணை அமுக்கினால் அங்கே மணியடிக்கும்படி இரண்டையும் இணைப்பதுதான் தம்பியின் வேலை. ஆனால் வாங்கி வந்த நாள் முதல் இரண்டு பெட்டிக்கும் ஒரே ஐபி முகவரி. இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் என்றால் தபால்காரர் எந்தக் கதவைத்தான் தட்டுவார்? அதனால் கிளைப் பெட்டிக்குப் புது முகவரி கொடுக்க வேண்டும். அதிலிருந்து வெளியே போகும் வாசலையும், அதாவது கேட்வேயையும், கூடவே மாற்ற வேண்டும்.

தம்பி இங்கே உட்கார்ந்தபடி கணினியில் ஒரு சுற்றுவழியாக அந்தப் பெட்டிக்குள் நுழைந்தான். முகவரியை மாற்றினான். வாசலை மாற்ற மறந்தான். ஏறி நின்ற ஏணியைத் தானே உதைத்துத் தள்ளிவிட்டான்.

ஃபோன் மாட்டும் வேலைக்கு அவனை இங்கே அனுப்பிய முதலாளிக்கு அவன் வைத்திருந்த பெயர் கட்டைவிரல். எதைக் கேட்டாலும் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றைத்தான் அனுப்புவார். ஒரே ஒரு முறைதான் வாயைத் திறந்து பேசினார்: "இத ஒழுங்கா முடி, பெர்மிட்டுக்குக் கையெழுத்துப் போடறேன். சொதப்பினா ஊருக்கு டிக்கெட்ட நீயே பாத்துக்க." இந்த நாட்டில் தங்கி வேலை பார்க்கும் பெர்மிட் இந்த வாரத்தோடு முடிகிறது.

இத்தனைக்கும் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் அவனுடைய அக்கா. அதே கிளையில் புகார் மேசையில் இருக்கிறாள். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அவள் மேசையில்தான் மணியடிக்கும்.

செல்ஃபோன் அதிர்ந்தது. அக்காதான்.

"டேய், என்னடா பண்ணித் தொலைச்ச? இங்க ஒரு ஃபோனும் அடிக்கல."

"மேனேஜர் இருக்காரா?"

"சாப்பிடப் போயிருக்காரு. லிஃப்ட் லைன் செத்துக் கிடக்குடா. யாராவது உள்ள மாட்டிக்கிட்டா என்ன பண்றது?"

"அக்கா, என்ன எதுன்னு கேக்காத. உன் மேசையில திரை வச்ச பெரிய ஃபோன் இருக்குல்ல, அதுல வெளிச்சம் இருக்கா?"

"இருக்கு."

தம்பிக்குப் போன உயிர் பாதி திரும்பியது. அந்த ஃபோன் ஒன்றுதான் பெட்டியோடு நேராக ஒயரில் கட்டியது. முகவரி தெரியாவிட்டாலும் பெட்டி அதன் பேச்சைக் கேட்கும்.

"ஏன்டா, பெட்டியில ரீசெட்டுன்னு குட்டியா ஒரு ஓட்டை இருக்கே, குண்டூசி வச்சு ஒரு குத்து குத்தட்டுமா?"

"குத்திடாத தாயே! எல்லா லிஃப்ட் நம்பரும் அழிஞ்சு போயிடும். நான் சொல்ற நம்பர மட்டும் அமுக்கு. புள்ளி வர்ற எடத்துல நட்சத்திரம்."

"வானத்துல இருக்கிறதா?"

"இந்த நேரத்துல உனக்கு நக்கலா?"

"பயத்துல வருதுடா. நீ சொல்லு."

அவன் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னான். அவள் சொல்லிச் சொல்லி அமுக்கினாள். நடுவில் ஒரு தடவை தப்பாகி, முதலிலிருந்து தொடங்கினார்கள். கடைசி எண்ணும் முடிந்தது. அவன் திரையில் பச்சைப் புள்ளி ஒன்று முளைத்தது.

"வெளி லைன் வந்துடுச்சுடா!"

"நல்லதாப் போச்சு. இப்ப எக்ஸ்டென்ஷன்லேருந்து என்னக் கூப்பிடு."

"சரி, செல்ஃபோன டிராயர்ல போட்டுடறேன். மேசையில பாத்தா மேனேஜர் தொலைச்சுடுவாரு."

அவன் பக்கத்திலிருந்த ஃபோன் அடித்தது. பாய்ந்து எடுத்தான். "அக்கா, கேக்குதா?"

"ஹலோ?" என்றாள் அக்கா. "ஹலோ! டேய், பேசுடா."

"பேசிக்கிட்டுதான்க்கா இருக்கேன்!"

"என்னடா இது, ஒண்ணுமே கேக்கலையே."

அவள் குரல் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. அவள் நாற்காலி கிறீச்சிடுவதுகூடக் கேட்டது. அவன் குரல்தான் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

அங்கே கதவு படாரென்று திறந்தது. ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம். அவசரத்தில் அவள் லைனைத் துண்டிக்கவில்லை.

"என்னம்மா நடக்குது இங்க?" மேனேஜரின் குரல். "ஒரு அம்மா லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டு பெல்லு அடிச்சு அடிச்சு ஓஞ்சு போயிருக்காங்க. மெக்கானிக்கு எனக்கு ஃபோன் பண்றான். நீ எடுக்கவே இல்லையாம்."

"சார்... அவங்க நல்லா இருக்காங்களா?"

"தூக்கி வெளிய விட்டாச்சு. இது உன் தம்பி வேலைதானே? அவன் முதலாளிய இப்பவே கூப்பிடறேன்."

"அவன் இல்ல சார்." அக்கா நாற்காலியைத் தள்ளி எழுந்தது தம்பிக்குக் கேட்டது. "நான்தான். பெட்டியத் துடைக்கப் போயி ஒயரப் பிடுங்கிட்டேன்."

"அக்கா!" என்று கத்தினான் தம்பி. அறைச் சுவர்தான் கேட்டது. உடனே செல்ஃபோனில் அவளைக் கூப்பிட்டான். அங்கே டிராயருக்குள் அது வண்டு மாதிரி முனகுவது ரிசீவர் வழியாக இங்கே கேட்டது. அவள் எடுக்கவில்லை.

"நீ பண்ணினதுன்னா எழுதிக் கொடு," என்றார் மேனேஜர். "அப்புறம் இந்த மேசையில உன்ன வச்சிக்கறதா வேணாமான்னு மேல பேசறேன்."

"தர்றேன் சார்."

தம்பி திரைப்பக்கம் திரும்பினான். மணி வருகிறது. அவள் குரலும் வருகிறது. நம் குரல் மட்டும் எங்கே போய்த் தொலைகிறது? தலையில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டான். பிறகுதான் பிடிபட்டது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இரண்டு சர்க்யூட் அட்டைகள். ஒன்று மணியடிக்க வைக்கும், மற்றது குரலைச் சுமக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக வழி எழுத வேண்டும். மணி அட்டைக்கு எழுதியவன் குரல் அட்டையை மறந்திருந்தான். அதுவும் தன் பக்கத்துப் பெட்டியில்! இவ்வளவு நேரம் அந்தப் பக்கத்துப் பெட்டியைத் திட்டித் தீர்த்திருந்தான், பாவம்.

ஒரே ஒரு வரிதான். ஆனால் அதை எழுதினால் அட்டை அணைந்து எரியும், இந்த லைன் அறுந்துவிடும். அவள் எதை எழுதிக் கொடுக்கிறாள், அவர் என்ன சொல்கிறார் என்று ஒன்றும் தெரியாது.

பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. தம்பி அந்த வரியை அடித்தான். இந்த முறை கேட்வேயை விரல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டு சேவ் அழுத்தினான்.

ரிசீவர் ஊமையானது. அட்டையில் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. பச்சை வந்ததும் அக்காவின் எண்ணை அமுக்கினான். எடுத்தவர் மேனேஜர்.

"சார், பெட்டிய மாத்தினது நான். அக்கா தொடவே இல்ல."

பதில் இல்லை. மறுபடியும் குரல் போகவில்லையோ?

"சார், கேக்குதா?"

"நல்லாவே கேக்குது," என்று சொல்லி மேனேஜர் வைத்துவிட்டார்.

மாலையில் கட்டைவிரல் நேரிலேயே வந்தார். இங்கிருந்து அங்கே ஒரு தரம் பேசிப் பார்த்தார். தலையாட்டினார்.

"லைன் பிரமாதமா ஓடுது. வாயத் திறக்காம இருந்திருந்தா நான் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஒயரப் பிடுங்கினது உங்கக்கான்னு அதோட போயிருக்கும்."

"அக்கா வேலை போயிருக்கும் சார்."

"அது உங்க குடும்ப விஷயம். இப்ப உன் பேரு மேல வரைக்கும் போயிடுச்சு. லிஃப்ட்டுக்குள்ள ஒரு அம்மா இருந்திருக்குப்பா. நான் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டுக் கையெழுத்துப் போடறது?" பெட்டி இருந்த அறையின் சாவியை வாங்கிக்கொண்டார். "கேபிளெல்லாம் சுத்தி வச்சிட்டுக் கெளம்பு."

தம்பி தரையில் உட்கார்ந்து கேபிளைச் சுற்றினான். ஊரிலிருக்கும் அம்மாவுக்கு என்னவென்று சொல்வது? மேசைமேல் ஃபோன் அடித்தது.

"மடையா," என்றாள் அக்கா. அழுதிருந்த குரல். "உன்ன யாருடா சொல்லச் சொன்னா? நான் எப்படியாவது சமாளிச்சிருப்பேன்ல?"

"நீ பேசினது பூரா எனக்குக் கேட்டுச்சுக்கா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தம்பி பதறிப்போய் அட்டையைத் திரும்பிப் பார்த்தான். பச்சைதான்.

"அக்கா? கேக்குதா?"

"கேக்குதுடா." மூக்கை உறிஞ்சினாள். "இரு, லிஃப்ட் லைன் அடிக்குது. வச்சிடாத, எடுத்துட்டு வர்றேன்."

சுற்றிய கேபிள் மடியில் கிடக்க, ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி தம்பி உட்கார்ந்திருந்தான்.

"சொல்லுங்க," என்று அக்கா வேறு யாரிடமோ பேசுவது கேட்டது. "பயப்படாதீங்க, நான் லைன்லதான் இருக்கேன். எந்த மாடியில நிக்குது?"