என் கொட்டாவியின் விலை

விடியுமுன்னே ஆடுகளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சி, சுண்ணாம்புக் கோடு இழுத்து, வலை கட்டி முடித்தவனுக்குக் கொட்டாவி வருவது குற்றமா? கோல் கம்பத்துக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். வெட்டுக்கிளி என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆட்டக்காரன் அந்தரத்தில் மல்லாந்து பந்தை உதைத்தான். மைதானமே எழுந்து கத்தியது. நான் வாயைப் பிளந்தது மட்டும் கத்துவதற்கு இல்லை.

அந்தக் கோலை ஒரு கம்பெனி குட்டி வீடியோவாக வெட்டி, கொஞ்சம் பிரதி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டு, போனிலேயே விற்றது. என் மச்சினன் ஒன்று வாங்கினான். கையில் தொட முடியாது, சுவரில் மாட்ட முடியாது. "காத்தை மூட்டை கட்டி வாங்கியிருக்கான்" என்று அவன் அக்கா, அதாவது என் வீட்டுக்காரி, தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு எவனோ படத்தின் மூலையில் கொட்டாவி விடுகிற என்னைக் கண்டுபிடித்துவிட்டான். ஊரே சிரித்தது. கம்பெனி வெட்கப்பட்டு அதை விற்பதை நிறுத்தியது. அதே கோலை வேறு பக்கத்திலிருந்து எடுத்த படத்தை விற்பனைக்கு விட்டது. அன்றிலிருந்து பழைய படத்துக்கு விலை ஏறத் தொடங்கியது.

"ரெண்டுலயும் அதே கோல்தானேடா?" என்று மச்சினனைக் கேட்டேன்.

"புதுசுல நீங்க இல்லையே மாமா. அது கொட்டிக் கெடக்கு. கொட்டாவிப் படம் கொஞ்சம்தான், இனிமே வரவும் வராது. அதுக்குத்தான் விலை."

"அப்ப விலை வெட்டுக்கிளிக்கா, எனக்கா?"

"அவன் கோல் இல்லாம உங்க கொட்டாவிய எவன் வாங்குவான்? நாங்க வீட்ல தினமும் ஓசியிலயே பாக்குறோமே."

"எனக்கு என்ன பங்கு?"

"குடும்பத்துக்குள்ள பங்கு பேசலாமா மாமா?"

சூப்பர்வைசர் வேறு விதமாகச் சொன்னார். "இன்னொரு தடவை கேமராவுக்கு வாயத் தொறந்தா, வாளியோட வீட்டுக்குப் போ." தேய்ந்துபோன என் முழங்காலோடு வேறு எங்கே போய் வேலை கேட்பது?

மச்சினனுக்கும் அதே கவலை, வேறு காரணத்துக்கு. "ரெண்டாவது கொட்டாவி வந்துட்டா என்னோடது சாதாரணமாயிடும் மாமா. கடைசி ஆட்டம் முடியட்டும், வித்துடறேன். அதுவரைக்கும் வாயக் கட்டுங்க."

கடைசி ஆட்டத்தன்று மழைத் தண்ணீரைத் தள்ளித் தள்ளியே தோள் கழன்றிருந்தது. இரண்டாவது பாதியில் அது அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. பல்லைக் கடித்தேன். தாடை நடுங்கியது, காது அடைத்தது. வாய் வழி வரவேண்டியது கண் வழியாக வழிந்தது.

அந்த நேரம் பார்த்து வெட்டுக்கிளி என் முன்னால் விழுந்தான், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. தூக்கிக்கொண்டு போனார்கள். பெரிய திரையில் என் ஈரமான முகம். அவனுக்காகவும் கொஞ்சம் அழுதிருப்பேன். அந்த வலி எனக்குத் தெரியும். ஆனால் முதலில் வந்தது கொட்டாவிதான்.

சூப்பர்வைசர் வந்தார். வேலை போச்சு என்று வாளியை எடுத்தேன். அவரோ என் தோளைத் தட்டி, "உனக்குள்ள இவ்வளவு பாசமாய்யா! நாளைக்கு நேரத்தோட வந்துடு" என்றார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால் மச்சினன் வாசலிலேயே நிற்கிறான்.

"வெட்டுக்கிளி இனிமே ஆடமாட்டானாம் மாமா. கொட்டாவிப் படம் இன்னும் ஏறும், அதான் விக்கல. நீங்க அழுத படமும் வந்துடுச்சு. கொஞ்சம்தான் விட்டாங்க, அதுலயும் ஒண்ணு வாங்கிட்டேன். இனி நீங்க அழவும் கூடாது."

"சரி" என்று சொல்ல வாயைத் திறந்தேன். கொட்டாவிதான் வந்தது. முழுசாக விட்டேன்.