கூப்பிட ஒரு பெயர்

"டேய் தவளை!"

நீச்சல் குளத்தின் தகரக் கூரை முழுக்க அந்தக் குரல் மோதித் திரும்பியபோது, அவள் கவுன்டருக்குப் பின்னால் நின்று குழந்தைகளின் ரப்பர் தொப்பிகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டது ஒரு பெண். கூப்பிடப்பட்டது அவளுடைய கணவர். தண்ணீரில் குழந்தைகள் இருந்தால் இடி விழுந்தாலும் திரும்பாத மனிதர் அவர். அவள் "என்னங்க, என்னங்க" என்று தொண்டை வற்றக் கூப்பிட்டு, கை தட்டி, கடைசியில் சாவிக்கொத்தைக் கம்பியில் தட்டித்தான் அவர் கவனத்தை வாங்குவது வழக்கம். அந்த மனிதர் இந்த ஒற்றைக் கூப்பாட்டுக்குச் சடாரென்று திரும்பினார். திரும்பிய முகத்தில் கல்யாண ஆல்பத்தில்கூட அவள் பார்த்திராத ஒரு சிரிப்பு இருந்தது.

வந்தவளுக்குக் கட்டையாக வெட்டிய முடி, அகன்ற தோள்கள். ஈரத் தரையில் செருப்பில்லாமல் தன் வீட்டு அடுக்களைக்குள் நடப்பதுபோல நடந்து வந்தாள். பின்னாலேயே அவளுடைய சின்ன மகள். மகளை நீச்சல் வகுப்பில் சேர்க்க வந்திருந்தாளாம். கல்லூரியில் அவரோடு ஒரே அணியில் இருந்தவளாம். உயரப் பலகையிலிருந்து குதிக்கிற டைவிங்கில் பதக்கமெல்லாம் வாங்கியவளாம். அவர் அறிமுகப்படுத்தி முடிப்பதற்குள், வந்தவளுக்கு அவள் தன் மனதுக்குள் 'டைவிங்காரி' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"ஏங்க, இவன் உங்கள நல்லா பாத்துக்கறானா?" என்றாள் டைவிங்காரி, கவுன்டரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு. "மொத நாள் பயிற்சிக்கு வந்து, காலை அகட்டி ஒரு உதை விட்டான் பாருங்க, நான் சிரிச்ச சிரிப்புல பலகையிலேர்ந்து விழ இருந்தேன். அன்னிக்கு நான் வெச்ச பேருதான் தவளை. நீங்க வீடியோ போடற அக்கவுன்ட்ல அதே பேர பாத்ததும், இது நம்ம பயதான்னு கண்டுபிடிச்சுட்டேன்."

இவன். நம்ம பய. அவள் சிரித்தபடியே சேர்க்கைப் படிவத்தை எடுத்து நீட்டினாள்.

அந்த அக்கவுன்டைத் திறந்தவளே அவள்தான் என்பதுதான் கொடுமை. குளத்துக்கு ஆள் சேராமல் இருந்த ஒரு கோடையில், "ஒரு வீடியோ போட்டுப் பாக்கலாங்க" என்று ஆரம்பித்தவள் அவள். தண்ணீருக்கடியில் அவர் கால்கள் விரிந்து மூடுவதைக் கண்ணாடிச் சுவர் வழியாகப் படம் பிடித்து, அதற்கு ஏற்ற வரிகளை எழுதி, தாய்மார்களின் கேள்விகளுக்குப் பதில் போடுவதெல்லாம் அவள். என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டபோது, "தவளை மாஸ்டர்னு வை. பசங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றார் அவர். அவளும் ஆசை ஆசையாகத் தன் விரலாலேயே அடித்தாள். யாரோ ஒருத்தி வைத்த பெயரை இத்தனை காலம் தானே துடைத்துப் பளபளவென்று வாசலில் மாட்டி வைத்திருந்ததும், அதைப் பார்த்துத்தான் அந்த ஒருத்தி வழி கண்டுபிடித்து வந்ததும் நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை.

வீட்டில் அவர் துண்டைக் கொடியில் போடும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை.

"பசங்க வெச்ச பேருன்னு சொன்னீங்க."

"ஆமா. அப்ப அவளும் எங்க பசங்கள்ல ஒருத்திதான். யாரும் அவள பொண்ணாவே நெனச்சதில்ல."

"இப்ப நெனைக்கலாமே. நல்லாத்தான் இருக்காங்க."

அவர் சிரித்தார். அந்த நேரத்தில் சிரித்திருக்கக் கூடாது. "அட, வெறும் பேருதானே."

"வெறும் பேருதான்னா மாத்திடுங்க."

"எத்தன பேருக்குத் தெரிஞ்ச பேரு! அத மாத்துனா யாரு நம்மளக் கண்டுபிடிப்பா?"

"கண்டுபிடிச்சவரைக்கும் போதும்" என்று அவள் பாத்திரங்களை இடமாற்றி வைக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்துக்கு மேல் பேசுகிற துணிச்சல் அவருக்கு எப்போதுமே கிடையாது.

மறுநாளிலிருந்து டைவிங்காரி தினமும் வந்தாள். மற்ற தாய்மார்கள் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் குளத்து விளிம்பில் கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, "டேய், அந்தப் பையன் முட்டிய மடக்கல பாரு" என்று குரல் கொடுப்பாள். அவர் பார்ப்பார். உண்மையாகவே அந்தப் பையன் முட்டியை மடக்கியிருக்க மாட்டான். அவர்கள் இருவருக்கும் தெரிந்த அந்த பாஷை கவுன்டரில் நின்றவளுக்குத் தெரியாது. குளத்தில் வேலை பார்த்தும் அவள் நீச்சல் கற்றுக்கொள்ளவில்லை. கவுன்டரை விட்டுவிட்டு எப்போது இறங்குவது? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எந்தச் சாவி எந்தப் பெட்டிக்கு, அவருக்கு எப்போது பசிக்கும், குளோரின் பட்டுச் சிவந்த கண்ணுக்கு எந்தச் சொட்டு மருந்து என்பதுதான். இவையெல்லாம் மனைவிக்குத் தெரிவது. ஒரு மனிதரைப் பார்த்த நிமிடத்தில் அவருக்கு ஒரு பெயர் வைக்கிற உரிமை வேறு ரகம். அது தனக்குக் கிடைக்கவேயில்லை.

ஒரு மதியம், குளம் காலியாக இருந்த நேரம், அவர் மோட்டார் அறைக்குள் இருந்தார். போன் வழக்கம்போல அவளிடம் இருந்தது. பெயரை மாற்றும் பக்கத்தைத் திறந்தாள். பழைய பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். அழிப்பது சுலபமாக இருந்தது. காலியான கட்டத்தில் குச்சி மட்டும் மின்னி மின்னி, 'சரி, சொல்லு' என்று கேட்பதுபோல நின்றது.

அவருடைய சொந்தப் பெயரை அடித்தாள். ஏற்கெனவே யாரோ வைத்திருந்தார்கள். எண்களைச் சேர்த்தாள். பேருந்து எண்போல ஆனது. இருவர் பெயரையும் இணைத்துப் பார்த்தாள். ஜவுளிக்கடைப் பலகைபோல இருந்தது. நீச்சல் மாஸ்டர், குளத்து மாஸ்டர், மீன் மாஸ்டர்... எல்லாம் போய்விட்டிருந்தன. சரி, நான் இவரை என்னவென்றுதான் கூப்பிடுகிறேன்? யோசித்தபோதுதான் தெரிந்தது, அவள் அவருக்கு எந்தப் பெயரும் வைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரே கூப்பாடுதான். கோபம் என்றாலும் அதே, குழைவு என்றாலும் அதே. குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து அவர் புரிந்துகொள்வார். விரல் தானாகவே அதை அடித்தது. என்னங்க. யாரும் எடுத்திருக்கக் கூடாதே என்று கடைசியில் ஒரு கோடும் போட்டாள். பச்சை டிக் விழுந்தது.

உலகத்தில் வேறு எவளுக்கும் தோன்றாத பெயர்! டைவிங்காரி தலைகீழாகக் குதித்தாலும் இந்தப் பெயரை வைக்க முடியுமா? அன்று மாலைவரை அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

முதலில் போன் செய்தது நாத்தனார். "அண்ணி, அண்ணனோட அக்கவுன்ட எவனோ ஹேக் பண்ணிட்டான் போல. 'என்னங்க உங்களைப் பின்தொடர்கிறார்'னு எனக்கு வருது. எங்க வீட்டுக்காரரு யாருடி அந்த என்னங்கன்னு கேக்கறாரு!"

அடுத்த நாள் காலை வகுப்புக்கு வந்த தாய்மார்கள் கேட்டில் நுழையும்போதே சிரித்தார்கள். கண்ணாடி போட்ட அம்மாதான் ஆரம்பித்து வைத்தாள். "என்னங்க மாஸ்டர், இன்னிக்கு எங்க பொண்ண ஆழத்துக்கு விடுவீங்களா?" பெஞ்ச் மொத்தமும் குலுங்கியது. அதற்கப்புறம் அடக்க முடியவில்லை. "என்னங்க, தொப்பி கிழிஞ்சு போச்சு." "என்னங்க, நாளைக்கு லீவா?" குழந்தைகள் அதை ராகமாகவே இழுத்தார்கள். ஒவ்வொரு குரலுக்கும் அவர் திரும்பினார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அவளுக்குள் எதுவோ ஒன்று நறுக்கென்றது. நேற்றுவரை ஒருத்தி மேல் இருந்த பொறாமை, இப்போது பெஞ்ச் நிறையப் பரவிக் கிடந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

இதைத் திருப்பி மாற்றிவிடலாம் என்று அவள் போனை எடுத்தபோது, பழைய பெயருக்குச் சிவப்புக் குறி விழுந்தது. வேறு யாரோ எடுத்துக்கொண்டார்களாம்.

"நான்தாங்க எடுத்தேன்" என்றாள் டைவிங்காரி, கவுன்டர் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "நேத்து பேர் மாறினதப் பாத்தேன். வேற யாராவது பிடிச்சிட்டா திரும்பக் கெடைக்காதே, இவனுக்கு வகுப்பெல்லாம் அதுலதானே வருதுன்னு சும்மா ஒரு அக்கவுன்ட் தொறந்து பிடிச்சு வெச்சேன். நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்டுடறேன்."

நல்லவளாக வேறு இருந்து தொலைத்தாள். கெட்டவளாக இருந்திருந்தால் திட்டவாவது முடிந்திருக்கும். "யோசிச்சுச் சொல்றேங்க" என்று மட்டும் சொல்லி, இல்லாத தூசியைக் கவுன்டரிலிருந்து துடைத்தாள்.

மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்தபோது அவரிடம் அவளே சொல்லிவிட்டாள். அந்தப் பெயர் இப்போது யாரிடம் இருக்கிறது என்பதையும், கேட்டால் கிடைக்கும் என்பதையும். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அவர் ஒரு கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தவளை போனா போகுது" என்றார் கடைசியில். "அது யாரு கூப்பிட்டாலும் ஒண்ணுதான். ஆனா நீ கூப்பிடறத ஏன் ஊருக்கே குடுத்த?"

அவள் நிமிர்ந்தாள்.

"தண்ணிக்குள்ள இருக்கும்போது நீ கூப்பிடறது எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா? மொத தடவையே கேக்கும். திரும்பினா நிறுத்திடுவ. அதான் ரெண்டு தடவ சேத்துக் கூப்பிடட்டுமேன்னு இருப்பேன்."

சொல்லிவிட்டு அவர் சாப்பிட ஆரம்பித்தார், ஏதோ மோட்டாரின் கோளாறைப் பற்றிச் சொன்னவர்போல. இத்தனை வருஷம் தொண்டை வற்றக் கத்தியதெல்லாம் இதற்கா என்று அவளுக்கு ஒரு கோபம். அந்தக் கோபத்துக்கு அடியில், தனக்கென்று இருந்த ஒன்றைத் தானே சந்தையில் கொட்டிவிட்ட துக்கம். பதில் சொல்ல வாயெடுத்தாள். எப்போதும் முதலில் வந்து நிற்கும் அந்த வார்த்தை வரவில்லை. அது பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லோருடைய வாயிலும் ஏறி இறங்கிப் பிசுபிசுத்துப் போயிருந்தது.

"கொஞ்சம் தண்ணி ஊத்தவா?" என்று, யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டாள்.

மாலை வகுப்பில் குளம் நிறைந்திருந்தது. கவுன்டர் போன் அடித்தது. வடிகட்டி மோட்டாரைப் பழுது பார்க்கிறவர், மாஸ்டரிடம் உடனே பேச வேண்டும், இல்லையென்றால் இந்த வாரம் வர முடியாது என்றார். அவள் போனைக் கவுன்டரில் படுக்க வைத்துவிட்டுக் குளத்து விளிம்புக்கு வந்தாள். அவர் அந்தக் கோடியில், ஒரு குழந்தையின் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தார்.

வாயைத் திறந்தாள். மூடினாள். பெஞ்சில் இருந்த கண்ணாடி போட்ட அம்மா போனிலிருந்து தலை தூக்கினாள். காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்த டைவிங்காரி, அவள் நிற்பதைப் பார்த்து, "நான் கூப்பிடட்டுமாங்க?" என்றாள். ஏளனமே இல்லாமல்தான் கேட்டாள். டைவிங்காரி ஒரு குரல் கொடுத்தால் போதும், கூரையே எடுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும்.

"வேணாம். நானே கூப்பிட்டுக்கறேன். அந்தப் பேரையும் நீங்களே வெச்சுக்கோங்க."

சொன்ன பிறகுதான் எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று பயம் வந்தது. அழைப்பிதழில் அச்சிட்ட பெயர் ஒன்று அவருக்கு உண்டு. படிவங்களில் எழுதியிருக்கிறாள், அடுத்தவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அவர் முகத்துக்கு நேரே ஒரு நாளும் உச்சரித்ததில்லை. ஈரத் தரையில் கால் விரல்களை அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

அந்தப் பெயரைச் சொல்லி, வெறும் பெயரை மட்டும் சொல்லி, அவள் கூப்பிட்டாள்.

அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது குரல். கூரையில் பட்டு, சுவரில் பட்டு, பெயர் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. பெஞ்சில் பேச்சு நின்றது. கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் ஒருசேர அவளைப் பார்த்தன. அவர் மட்டும், குழந்தையைப் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டு, அவள் கூப்பிட்டதற்கு முந்திய நொடியில்தான் தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தார். நீலத்துக்கடியில் அவருடைய கால்கள் அகன்று, சேர்ந்து, மறுபடி அகன்றன. அவருக்குக் கேட்டதா, எந்தப் பக்கம் வருகிறார் என்று சொல்ல முடியவில்லை. அவர் தலைக்கு மேலே குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து உடைந்துகொண்டிருந்தன. அவள் இன்னொரு முறை கூப்பிடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவை வருகிற வழியையே பார்த்து நின்றாள்.