சிரிக்கிற படம்

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பிறந்தது. குழந்தைகளின் சிகிச்சைச் செலவுக்கு உதவும் அறக்கட்டளை ஒன்றில் நான் எழுத்தர். குடும்பத்தின் நிலைமையை இருநூறு சொற்களுக்குள் எழுதிக் கொடுப்பேன். ஐவர் குழு படித்து முடிவு சொல்லும். சொந்தக் கதைகளுக்கு இதுவரை எவரும் சல்லிக்காசு தந்ததில்லை. அதை விடுங்கள்.

2

முதல் தொடக்கம்: வலியால் துடிக்கும் ஏழு வயதுச் சிறுமி...

(அடித்துவிட்டேன். பேருந்து ஓட்டுநரான அவள் அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.)

"துடிக்கிறாளா? எங்க துடிக்கிறா அண்ணா? மூச்சு வாங்கினா நிப்பா, மறுபடி ஓடுவா. வாலு."

அந்த வாலுக்கு இதயத்தில் ஓட்டை. இரண்டு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். வீட்டை விற்றும் பாதிச் செலவுக்குத்தான் தேறியது.

3

விண்ணப்பத்தில் புகைப்படம் ஒட்ட வேண்டும். அம்மா கொண்டுவந்த படத்தில் பிள்ளை, விழுந்த பல் தெரிய வாயெல்லாம் சிரிப்பாக இருந்தாள். எங்கள் மேலாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"போன மாசம் இப்படித்தான் ஒரு பையன் படம் குழுவுக்குப் போச்சு. 'நல்லாத்தானே இருக்கான்'னு தள்ளி வச்சுட்டாங்க. சிரிக்காத படம் இல்லையாம்மா?"

"நோவு நெஞ்சுக்குள்ள இருக்கு சார். மூஞ்சில எதைத் தேடுறாங்க?"

மேலாளர் படத்தை என் பக்கம் நகர்த்தினார். கெட்டவர் இல்லை அவர், குழுவை அறிந்தவர். (இவரை வில்லனாக்கினால் கதை சுலபமாகிவிடும். மனம் வரவில்லை.)

4

முடிவு ஒன்று: சிரிக்கிற படம் போகிறது, பணம் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

முடிவு இரண்டு: அழுகிற படம் போகிறது.*

* அப்படி ஒன்று இருக்கிறது. விவரம் சேகரிக்கப் போன ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஊசி போட்டபோது நான்தான் எடுத்தேன், அவள் அம்மாவிடம் கேட்காமல். வெட்கமாக இருக்கிறது. பணம் கட்டாயம் கிடைக்கும் என்பதால் இன்னும் கிழிக்கவில்லை.

5

குழு நாளை பத்து மணிக்குக் கூடுகிறது. என் நேர்மைக்கு அந்தப் பிள்ளை விலை கொடுக்க நேர்ந்தால்...

இதை முடிக்க என்னால் ஆகாது. ஐவரில் ஒருவர் வரவில்லை, கோப்பு உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் அவள் சிரிக்கிறாள். ஸ்கேன் அடுத்த பக்கத்தில் இருக்கிறது.

தயவுசெய்து புரட்டுங்கள்.