செராஃபின் இருக்கும் பக்கம்

செராஃபின் ஓப்ரி செய்த வயலின் வில்களை எங்கே வைத்தாலும் அவற்றின் முனை செராஃபின் இருக்கும் பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். எங்கள் மிர்கூரில் வீட்டுக்கு வீடு வயலினோ வில்லோ செய்கிறவர்கள்தான். அதனால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாரிஸ் வியாபாரி மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வில்கள் ஓயாமல் கிழக்கே புரள்கின்றன என்று கடிதம் போட்டுவிட்டு, அவற்றை நாடாவால் கட்டிவைத்தான். வாங்கினவர்களோ ஒரு குறையும் சொல்லவில்லை. எங்கோ போக ஆசைப்படுகிற வில்லைப் பிடித்தால் அந்த ஆசை கைக்கும் தொற்றிவிடும் என்றார்கள். நான்சி நகரில் ஒருவர் அதை எடுத்து ஒரே ஒரு சுரத்தை இழுத்தவர், மறுநாள் காலைவரை கீழே வைக்கவில்லை. ஒரு வில்லுக்கு இரண்டு வருஷம் காத்திருந்தார்கள்.

செராஃபின் மரத்தை இழைத்துக் கங்கில் காட்டி வளைப்பான். அவன் மனைவி ஒதில் அந்த வில்லுக்குக் குதிரைவால் முடியைக் கட்டுவாள். சமையலறை ஜன்னலில் ஒரு பழைய வில்லை நூலில் தொங்கவிட்டிருந்தாள். முனை மதுக்கடைப் பக்கம் நின்றால் சூப்பை இறக்கிவைப்பாள், தெருப்பக்கம் திரும்பினால் அடுப்பில் ஏற்றுவாள். "உன்னை மாதிரி குடுத்துவச்சவ எவடி? பொய் சொல்லவே முடியாத புருஷன்!" என்பாள் பக்கத்து வீட்டு ஸெலி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்காம் வருஷம் ஆகஸ்டில் சண்டைக்கு ஆள் எடுத்தபோது செராஃபினும் போனான். முனை வடக்கே போயிற்று. அக்டோபரில் அவன் இறந்துவிட்டதாகக் காகிதம் வந்தது. நகரமன்ற எழுத்தர் கோதேல் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கையெழுத்து வாங்க வந்தார். ஒதில் ஜன்னலைக் காட்டினாள்.

"நேத்து அந்த ஆணிக்கு நேரா இருந்துச்சு. இன்னைக்கு ஒரு விரல் தள்ளி நிக்குது. செத்தவன் நடப்பானா?"

"செத்தவங்க பக்கமும் அது திரும்புமோ என்னவோம்மா."

"திரும்பட்டும். நகராதுல்ல? நகர்ற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கோதேல் சூப்பைக் குடித்துவிட்டுப் போனார்.

முனை ஜெர்மனிப் பக்கம் போய் நான்கு வருஷம் அங்கேயே நின்றது. ஆனால் காலையில் ஒரு மயிரிழை வலப்புறம் போகும், பொழுது சாயும்போது திரும்பிவரும். சிறைபிடித்து, எங்கோ வேலைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறார்கள் என்று ஒதில் புரிந்துகொண்டாள். அந்த மயிரிழையை நம்பித்தான் அவள் அத்தனை நாளும் சாப்பிட்டாள், தூங்கினாள். ஊரில் புருஷனை இழந்த ஒன்பது பெண்கள் கறுப்பு உடுத்தினார்கள், அவள் உடுத்தவில்லை.

சண்டை முடிந்த குளிர்காலத்தில் முனை நாளுக்கு நாள் சுற்றி வந்தது. ஒதில் வீட்டுக்கு வெள்ளையடித்தாள். பிப்ரவரியில் அது தெற்கே நின்றது. நின்றது நின்றதுதான். காலையிலும் இல்லை, மாலையிலும் இல்லை, நான்கு வாரமாக ஒரு மயிரிழைகூட அசையவில்லை. ஸெலி முதலில், "வேற எவளாவது சோறு போடுறாளோ?" என்று சீண்டிப் பார்த்தாள், பிறகு அதையும் விட்டுவிட்டாள். செத்தவன் என்றால் முனை நகராது என்று சொன்னது ஒதில்தானே. இருபத்தெட்டாம் நாள் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, வில்லை நூலிலிருந்து அவிழ்த்துக் கையில் பிடித்தபடி, எங்கே புதைத்திருக்கிறார்கள் என்று பார்க்கக் கிளம்பினாள்.

வில் அவளைப் பக்கத்து ஊரான மத்தேன்கூர் வரை இழுத்துப்போயிற்று. அரை மணி நேர நடைதான். அங்கே மாவு ஆலைக்குப் பின்னால் ஒரு பலகையில் செராஃபின் உட்கார்ந்திருந்தான். வந்த நாளிலிருந்து அதே பலகைதான். ராத்திரியும் அதிலேயே படுத்துக்கொள்வான் என்று ஆலைக்காரர் சொன்னார். வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது.

"வில்லு செய்ய முடியாதவன் அங்க வந்து என்ன பண்ண?" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"ஏன்யா, ஒளியறவன் இவ்வளவு கிட்டவா வந்து ஒளிவான்? நான் கறுப்பு உடுத்திட்டு வந்திருக்கேன்யா, பாரு! கொஞ்சம் அசைஞ்சாவது தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று சொல்லி, அந்தச் சால்வையிலேயே மூக்கைச் சிந்திக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு, "எந்திரி, சூப்பு ஆறுது" என்றாள். அவன் எழுந்தான்.

அதன்பின் ஒதில் இழைத்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து திட்டினான். "அது விறகா? மெதுவா சீவு." "வாயிலேயே இழைக்கிறியே, வந்து நீயே பிடி" என்பாள் அவள். அவன் வந்து இடது கையால் மரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வான். நான்கு மரம் அடுப்புக்குப் போனது. முதல் வில் முடிய ஏழு மாதம் ஆயிற்று. ஓப்ரி என்று முத்திரை குத்தி, பழையதன் பக்கத்தில் தொங்கவிட்டான் செராஃபின். பழைய வில் அவன் மார்புக்கு நேரே நின்றது. புதியது மெல்லச் சுற்றி அடுப்படிப் பக்கம் திரும்பியது. அங்கே ஒதில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவன் அடுப்படிப் பக்கம் திரும்பினான். "இங்க வா. உன் வில்லு உன்னைத் தேடுது" என்றான்.

பாரிஸ் வியாபாரிக்கு வித்தியாசம் தெரியவில்லை; வழக்கம்போல நாடாவால் கட்டினான். நான்சிக்காரர் இரண்டு வாங்கினார். ஜன்னலில் அந்த இரண்டு வில்களும் இன்னும் தொங்குகின்றன. இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து வேலை செய்யும்போது இரண்டும் ஒரே பக்கம் நிற்கும். அப்போது யாரும் அவற்றைப் பார்ப்பதில்லை.