தூங்கிப் பார்த்த படம்

விளக்குகள் எரிந்தபோது சிக்ருன் விழித்துக்கொண்டாள். சுற்றிலும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவளும் தட்டினாள். மடியிலிருந்த சீட்டு கீழே விழுந்தது.

குனிந்து தேடும்போதுதான் படம் முடிந்துவிட்டது என்பது உறைத்தது. முதலில் துறைமுகம் வந்தது. உப்பு மீன் கிடங்கில் ஒருவன் மீன்களை அடுக்கிக்கொண்டிருந்தான். கடற்பறவைகள் கத்தின. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வாரம் முழுக்கக் கணக்குத் தேர்வுத்தாள் திருத்தியிருந்தாள். பள்ளியில் ஒன்றிலிருந்து ஆறு வரை மதிப்பெண். இங்கேயும் ஒன்றிலிருந்து ஆறு வரைதான். பத்திரிகைகளில் படங்களுக்குப் பகடை போட்டு மதிப்பிடுவதைப் போல, திரைப்படக் கழகத்தின் சீட்டிலும் ஓரமாக ஆறு பகடை முகங்கள் அச்சிட்டிருக்கும். பிடித்த அளவுக்கு ஏற்ற முகத்தில் கொஞ்சம் கிழித்துப் போட வேண்டும். இருட்டிலும் செய்யலாம், பேனா வேண்டாம்.

சிக்ருன் ஐந்தில் கிழித்தாள். பார்க்காத படத்துக்கு ஐந்து. அவள் வாழ்க்கையில் முதல் முறை. படம் எடுத்தது தீரில். பக்கத்து இருக்கையில் இருந்த வென்கேயின் மகள். படம் அவளுடைய அப்பா ஓட்வாரின் கடைசிக் குளிர்காலத்தைப் பற்றியது.

வென்கே கைதட்டவில்லை. கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வாசலில் கழகத்தை நடத்தும் ஈவார் பழைய காபிக் கெண்டியை நீட்டினான். சீட்டுகள் எப்போதும் அதில்தான் விழும்.

"கண்ணு செவந்திருக்கே சிக்ருன். நீயே அழுதுட்டேன்னா படம் பொழச்சுது."

"சூடு ஜாஸ்தி உள்ள," என்றாள்.

"ஆமா ஆமா. சூட்டுல கண்ணு வேர்க்கும்."

வெளிக்கூடத்தில் காபியும் ஏலக்காய் பன்னும் வைத்திருந்தார்கள். தீரில் ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டிருந்தாள். சிக்ருனிடம் வந்தபோது கொஞ்சம் தயங்கினாள்.

"அத்தை, நீங்க என்ன எழுதப் போறீங்கன்னு இப்பவே பயமா இருக்கு. இந்த ஊர்ல மத்தவங்க எல்லாம் என்னைத் தூக்கி வளத்தவங்க. அவங்க சொல்றத வெச்சு நான் என்ன பண்றது?"

"நானும்தான் தூக்கினேன். கனமா இருந்த."

"அதைச் சொன்ன ஒரே ஆளு நீங்கதான்."

"ஒரு ராத்திரி போகட்டும். எழுதறேன்."

அது அவள் வழக்கம். மாதா மாதம் கழகத்தின் இணையப் பக்கத்தில், பார்த்த படங்களைப் பற்றிச் சில வரிகள் எழுதுவாள். பழையது, புதியது எல்லாம் ஒன்றாக. இந்த மாதம் ஏற்கெனவே மூன்று எழுதி வைத்திருந்தாள். விண்வெளிக்குப் போகும் புதிய படத்தைப் பற்றி: 'மூன்று மணி நேரம். ஒருவர்கூட ஒன்றும் சாப்பிடவில்லை. பசிக்காதவர்களுக்காக நான் கவலைப்படுவது கடினம்.' கலங்கரை விளக்கக் காவலரின் மனைவியைப் பற்றிய பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு: 'அவள் உருளைக்கிழங்கு உரிப்பதை முழுதாகக் காட்டுகிறார்கள். கடைசிக் கிழங்குக்குள் அவள் கணவனை மன்னித்துவிட்டாள். யாரும் அதைச் சொல்லவில்லை.' மூன்றாவது, எல்லோரும் கொண்டாடிய குடும்பப் படம். 'எங்கே அழ வேண்டும் என்று வயலின் சொல்லிக்கொண்டே இருந்தது. கீழ்ப்படிய மனம் வரவில்லை.' சமீபமாகத் தன் வரிகளும் அவளுக்குச் சலித்திருந்தன. படம் ஓடும்போதே வரி தயாராகிவிடுகிறது. வரி தயாரானதும் பார்ப்பது நின்றுவிடுகிறது. இன்று அந்த அளவுகூடத் தாங்கவில்லை.

ஈவார் கெண்டியைக் கவிழ்த்து வழக்கம்போல ஒவ்வொரு சீட்டாக எடுத்துக் கூவினான். ஆறு. ஆறு. ஐந்து. ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ஆரவாரம். பிறகு ஒரு சீட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒன்று."

பன் தட்டின் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "கணக்கு டீச்சர் கைவரிசை."

சிரித்தார்கள். சிக்ருன் ஆறு கொடுத்ததே இல்லை என்பது ஊருக்கே தெரியும். தீரிலும் சிரித்தாள், ஆனால் காது மடல்கள் சிவந்துவிட்டன. அவள் சிக்ருனைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். நான் இல்லை, நான் போட்டது ஐந்து என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஏன் ஐந்து என்று கேட்பார்கள். சிக்ருன் காபியைக் குடித்தாள். ஆறியிருந்தது.

எதிரே வென்கே பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டும் வாய்க்குப் போகவில்லை.

இருவர் வீடும் அடுத்த தீவில். தீவுகளுக்கிடையே ஓடும் சின்னப் படகில் ஏறி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அக்கரையில் கால் வைக்கும்வரை படத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது இளவயதிலிருந்தே அவர்களுக்குள் இருக்கும் கட்டுப்பாடு. பல படங்கள் படகிலேயே கரைந்துபோயிருக்கின்றன. அக்கரைக்கு வந்ததும் இரவுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு நடந்துவிடுவார்கள். இன்று வென்கே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது.

இறங்கியதும் வென்கே நடக்கவில்லை. படகுத்துறைப் பெஞ்சில் பனியைக் கையுறையால் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"அந்த ஒண்ணு நான் போட்டது."

"தெரியும். வேற யாருக்கு அவ்வளவு தைரியம்?"

"ஓட்வாரோட கட்டில் காட்சி எப்படி இருந்துச்சு?"

"அழகா எடுத்திருக்கா," என்றாள் சிக்ருன். "அவசரமே இல்ல."

"இசை?"

"இசைதான் கொஞ்சம் தூக்கல்."

"அங்க இசையே இல்ல, சிக்ருன்."

படகு திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

"எது வரைக்கும் முழிச்சிருந்த?"

"கிடங்கு வரைக்கும்."

வென்கே சிரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கழுதை. இத்தனை வருஷமா உன் அலட்டலைக் கேட்டதுக்கு இன்னிக்கு ஒரு நாளாவது பிரயோஜனப்பட்டிருக்கலாம்."

"நீதான் பாத்தியே."

"நான் எங்க பாத்தேன்? அந்தக் கட்டில் வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். சத்தம் மட்டும்தான். அந்த நடிகை அவர் பக்கத்துல உக்காந்துகிட்டு, நான் இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்னு சொல்லிட்டே இருக்கா. நான்தான் அது."

சிக்ருன் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். நான்கு குளிர்காலங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை மதியம், வென்கேயின் வீட்டு வாசலில் நின்று சிக்ருன்தான் சொன்னாள்: ஓட்வார் தூங்கறாரு, ரெண்டு மணி நேரம் வா, உன் முகத்தைப் பாக்க சகிக்கல. கழகத்தில் ஒரு பழைய நகைச்சுவைப் படம். கப்பல் சமையற்காரன் ஒருவன் கேப்டனாக நடிக்கிறான். மாதக்கணக்கில் சிரிக்காத வென்கே அன்று சிரித்தாள். திரும்பி வந்தபோது ஓட்வார் போய்விட்டிருந்தார். கோபன்ஹேகனில் இருந்த தீரிலிடம் வென்கே தொலைபேசியில் சொன்னதையும் சிக்ருன் கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்: பக்கத்துலயேதான் இருந்தேன், கையைப் பிடிச்சுகிட்டு.

"பூட்ஸைக்கூடக் கழட்டாம உள்ள ஓடினேன்," என்றாள் வென்கே. "கட்டிலைச் சுத்தி ஒரே பனித்தண்ணி, ரோட்டு மணல். துடைக்கத் தோணல. மறுநாள் தீரில் வந்து முட்டி போட்டுத் துடைச்சா. ஒண்ணும் கேக்கல."

"அவளுக்குத் தெரியும்னு நினைக்கிறியா?"

"அதைச் சொல்லத்தானே உன்னைப் பக்கத்துல உக்கார வெச்சேன். ஒருத்தன் எதைத் தெரிஞ்சு காட்டுறான், எதைத் தெரியாமக் காட்டுறான்னு பாத்தே சொல்லுவியே. தெரியாம எடுத்திருந்தா, என் பொய்மேல அவ படம் கட்டியிருக்கா. தெரிஞ்சே எடுத்திருந்தா..."

"அதுக்கா ஒண்ணு போட்ட?"

"அது படத்துக்கு இல்ல."

குளிர் கோட்டுக்குள் ஏறியது.

"நாளைக்குப் போறேன்," என்றாள் சிக்ருன். "மதியக் காட்சி இருக்கு."

"ஞாயித்துக்கிழமை. மறுபடி தூங்குவ."

"காபி குடிச்சுட்டுப் போறேன்."

மறுநாள் அரங்கில் கூட்டம் இல்லை. முதல் வரிசையில் ஒரு வயதான தம்பதி, பின்னால் யாரோ ஒருவர். இது கழகத்தின் காட்சி இல்லை, அதனால் பகடைச் சீட்டு தரவில்லை. சிக்ருனின் கை மடியில் அதைத் தேடிவிட்டுச் சும்மா இருந்தது. கண் முழுக்க மணல் கொட்டியது போல் எரிந்தது. தூக்கம் வந்தால் குளிரட்டும் என்று கோட்டைக் கழற்றி அடுத்த இருக்கையில் போட்டாள். விளக்கு அணையும் முன் தொலைபேசி அதிர்ந்தது. வென்கே.

'முழிச்சிருக்கியா?'

'இருக்கேன்.'

துறைமுகம் வந்தது. கிடங்கு, மீன்கள், பறவைகள். பிறகு அவள் பார்க்காதவை வரத் தொடங்கின. படிக்கட்டு ஏற மறந்துபோன ஒரு மனிதன். ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு அதன் பயன் நினைவுக்கு வராமல் உட்கார்ந்திருப்பவன். இரண்டு இடங்களில் தலை சாய்ந்தது. நிமிர்ந்துகொண்டாள். நல்ல படமா என்று தெரியவில்லை. வரி எதுவும் தயாராகவில்லை.

கட்டில் வந்தது. ஜன்னலில் நீலமான மதிய வெளிச்சம். இசை இல்லை. அந்த நடிகை கட்டிலோரத்தில் உட்கார்ந்து கணவனின் கையைப் பிடித்திருந்தாள். "நான் இங்கதான் இருக்கேன்," என்றாள். சிக்ருன் முன்னால் சாய்ந்து அவளுடைய முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. மறுபடி, "இங்கதான் இருக்கேன்." கேமரா முகத்தில் நிற்கவில்லை. கைகளிலும் நிற்கவில்லை. போர்வையின் மடிப்பு வழியாக, கட்டிலின் மரக்கால் வழியாக மெல்லக் கீழே இறங்கி, தரைக்கு வந்து நின்றது. நடிகையின் கால்களில் பூட்ஸ் இருந்தது. அதன் மேல் பனி இன்னும் உருகவில்லை.